முப்பத்தொரு சென்டிமீட்டர் தண்ணீரும் என் அத்தையும்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துத் தரும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பி விட்டது என்று ஊரார் குறையையெல்லாம் அழகாக எழுதித் தருவேன். என் குறையை எழுத மட்டும் இத்தனை நாள் ஆகிவிட்டது. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. மனு கொடுக்க வருகிற பெண்களில் யாராவது ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்கும் தண்ணி ஜாஸ்தியாமே, இன்னா பண்ணீங்க" என்று கேட்காத வாரமில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனிமேல் கேட்பவர்களுக்கு இதை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பட்ட பாடு புரியாது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சேகருக்குத் தொழில் தண்ணீர். இருபது லிட்டர் கேன்களை வண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போடுவார். பௌர்ணமி அன்று வீட்டு வாசலிலேயே கடை போட்டு, மலையைச் சுற்றி வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் விற்பார். விற்பது அவர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கடையில் உட்காருவது, அதட்டுவது, சில்லறை கொடுப்பது எல்லாம் என் மாமியார். நான் அவரை அத்தை என்பேன். அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முப்பது வருஷமாகக் கடை இருப்பதால், பௌர்ணமியில் ஒரு தடவைகூட அவர் மலையைச் சுற்றியதில்லை. லட்சம் பேர் தன் வாசலைத் தாண்டிச் சுற்றிப் போவதைப் பார்த்தபடியே அவர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வயிறு மட்டும் பத்தாம் மாதத்துக்குப் போய்விட்டது. பார்ப்பவர்கள் எல்லாம் ரெட்டைக் குழந்தையா என்றார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து தன் சீட்டையே கொடுத்தார். சந்தோஷப்பட்டு உட்கார்ந்தால், "எந்த ஸ்டாப்பும்மா? சீக்கிரம் எறங்கிடுவ இல்ல?" என்று பயத்தோடு கேட்டார். படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். குனிய முடியாததால் என் காலை நானே பார்த்து வாரக்கணக்காகிவிட்டது. இருக்கிறதா என்று சேகரைக் கேட்டால், "ரெண்டும் கீது" என்பார். அவருடைய ஆறுதல் அவ்வளவுதான்.

வேங்கிக்கால் பக்கம் வேலூர் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றை நான்கு மூலையாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் குழந்தையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று அளப்பார்கள். நான்கையும் கூட்டினால் வருவது பனிக்குட நீரின் அளவு. இருபத்தைந்துக்கு மேல் போனால் ஜாஸ்தி. எனக்கு முப்பத்தொன்று.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வரி, "தண்ணி ஜாஸ்தியா இருக்கும்மா." அதற்குப் பிறகு நிறையச் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற அத்தைக்கு அந்த முதல் வரியே போதுமானதாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் தண்ணீர்ச் சொம்பு காணாமல் போனது. கேட்டதற்கு அத்தை, "உள்ள ரொம்பி வழியுதுன்றாங்க, நீ மேல மேல ஊத்திகினு இருந்தா எங்க போவும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் அரை டம்ளர், மாத்திரைக்கு ஒரு மடக்கு என்று அளவு வைத்தார். ரசம் நிறுத்தம். மோர் நிறுத்தம். தர்பூசணி வாங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினார். புழுங்கல் அரிசிச் சோற்றைப் பொரியலோடு பிசைந்து நான் விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வரும். அதையும் பார்த்துவிட்டு, "அழுவு, அழுவு, அந்தளவுக்குக் கொறையட்டும்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால் அந்த வீட்டில் எந்நேரமும் நாற்பது கேன் அடுக்கியிருக்கும். நடையில் கேன், சமையலறைக்குப் பக்கத்தில் கேன், நான் படுக்கும் அறையின் ஜன்னலை மறைத்துக் கேன். நாலு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் உதட்டை நக்கிக்கொண்டு கிடந்தேன். சேகரிடம் சொன்னேன். அம்மாவை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் மனுஷன் கெட்டிக்காரர். கேன் போடப் போகும்போது, "நித்யா, இந்த நோட்டுல கணக்கு சரியா பாரு" என்று கூப்பிடுவார். வண்டியின் பின்னால் போனால் ஒரு பாட்டில் நீட்டுவார். மறைந்து நின்று மடமடவென்று குடிப்பேன். கட்டின புருஷனோடு திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் சர்க்கரை டெஸ்ட். தாய்க்குச் சர்க்கரை இருந்தாலும் குழந்தையைச் சுற்றித் தண்ணீர் கூடுமாம். குளுக்கோஸைக் கரைத்து ஒரு பெரிய டம்ளர் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நர்ஸ் டம்ளரை நீட்டியதும் அத்தை குறுக்கே கையை வைத்துவிட்டார். "தண்ணி ஜாஸ்தின்னு சொன்னதே நீங்கதான். இப்ப நீங்களே சொம்பு சொம்பா ஊத்துறீங்க. இன்னா வைத்தியம் இது?" என்றார். அந்த நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அது குமட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

சர்க்கரை இல்லை என்று வந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா என் நாக்கை நீட்டச் சொன்னார். சிறுநீர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா நீ?"

நான் சேகரைப் பார்த்தேன். சேகர் மின்விசிறியைப் பார்த்தார். அத்தை மட்டும், "நான்தான் கம்மி பண்ணி வெச்சிருக்கேன்" என்று பெருமையாக ஒத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பொறுமையாக அத்தைக்கே விளக்கினார். நான் குடிக்கிற தண்ணீர் நேராக அங்கே போய்த் தேங்குவதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தை அந்தப் பனிக்குட நீரை விழுங்கும். விழுங்கியதைச் சிறுநீராக விடும். மறுபடி விழுங்கும், மறுபடி விடும். வரவும் செலவும் சரியாக இருந்தால் அளவு சரியாக இருக்கும்.

அத்தை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்ப உள்ள இருக்கறது அதோட மூத்திரமா?"

"பெரும்பாலும் அதான்."

"அதையே குடிக்குதா?"

"எல்லாக் குழந்தையும் குடிக்கும். நீங்களும் குடிச்சீங்க, நானும் குடிச்சேன்" என்றார் டாக்டரம்மா. அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடுத்த வாக்கியம் வரைக்கும்தான் இருந்தது.

"ஒரு சில குழந்தைங்களுக்கு உணவுக்குழாய் அடைச்சிருக்கும். முழுங்க முடியாது. அதனாலயும் தண்ணி சேரும்" என்றார். குழந்தை விழுங்கினால் அதன் இரைப்பை ஸ்கேனில் ஒரு சின்னக் கருப்பு வட்டமாகத் தெரியுமாம். முதல் ஸ்கேனில் அது தெரியவில்லை. நடுவில் என்னை வேலூருக்கு அனுப்பி எடுத்த ரெண்டாவது ஸ்கேனில் சின்னதாகத் தெரிந்தது. அதனால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எந்தக் காரணமும் இல்லாமலே தண்ணீர் கூடுவதுதான் அதிகம் என்றார். ஆனால் முழு நிச்சயமாக இப்போது சொல்ல முடியாது. பிறந்த பிறகு வாய் வழியாக ஒரு மெல்லிய ட்யூபை விடுவார்கள். அது தடையில்லாமல் இரைப்பைக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. பாதியில் நின்றுவிட்டால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்காமல் உடனே வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தோம். எனக்குப் பயம் வயிற்றில் இல்லை, தொண்டையில் இருந்தது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் உள்ளே இருப்பது விழுங்குகிறதா என்று நினைப்பு வரும். சோறு தின்னும்போது வரும். டீ குடிக்கும்போது வரும். அதற்குப் பிறகு பிரசவம் வரைக்கும் ஒரு வாய் சாதத்தைக்கூட நான் யோசிக்காமல் விழுங்கவில்லை.

அன்று சாயந்திரம் அத்தை நடையில் நின்று அறிவித்தார். "வர்ற பௌர்ணமிக்குக் கடை கெடையாது. நான் மலை சுத்தப் போறேன்."

சேகர் தூக்கிய கேனைக் கீழே வைத்துவிட்டார். பௌர்ணமி என்பது எங்கள் வீட்டுக்கு அறுவடை மாதிரி. "அம்மா, அதுக்கு அடுத்த பௌர்ணமிக்குப் போயேன்" என்றார்.

"அதுக்குள்ள புள்ள பொறந்துடும். பொறந்தப்பறம் வேண்டிக்கறதுக்கு எதுக்குடா சாமி?"

ஆனால் சொம்பு மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டரம்மா சொன்னதற்காக மத்தியானம் அரை டம்ளர் முழு டம்ளர் ஆனது. "அவங்க படிச்சவங்க, தப்பா சொல்ல மாட்டாங்க. இருந்தாலும்" என்றார். அந்த இருந்தாலும் என்பதற்கு மேல் யாரும் பேச முடியாது. வண்டிக்குப் பின்னால் கணக்கு பார்ப்பது தொடர்ந்தது.

எட்டாம் மாதக் கடைசியில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தண்ணீரோடு பனிக்குடம் திடீரென்று உடைந்தால், வெள்ளம் வரும் வேகத்தில் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்து நசுங்கிவிடுமாம். அப்படி ஆனால் நிமிஷக் கணக்குதான். அடி அண்ணாமலையிலிருந்து அலறிப் புடைத்து வருவதைவிட இங்கேயே கிட என்றார்கள். கிடந்தேன். போளூரிலிருந்து என் அம்மா வந்துவிட்டார். அம்மா அழுகைப் பிரிவு, அத்தை நடவடிக்கைப் பிரிவு என்று இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இடம் தாராளமாக இருந்ததால் குழந்தை ஒரு நிலையில் நிற்கவில்லை. திங்கட்கிழமை தலை கீழே. புதன்கிழமை தலை மேலே. வெள்ளிக்கிழமை குறுக்கே படுத்திருந்தது. "உள்ளயே சுத்திகிட்டு இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா.

அத்தை கவலையோடு ஒரு சந்தேகம் கேட்டார். "எந்தப் பக்கமா சுத்துது, டாக்டரம்மா? வலமா, இடமா?"

டாக்டரம்மா எங்கள் ஊருக்கு வந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேன் படங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "வலமாத்தான்" என்றார். அத்தைக்கு நிம்மதி ஆயிற்று.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று குறித்தார்கள். பௌர்ணமியன்று காலை அத்தை மஞ்சள் புடவை கட்டி, வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு வார்டுக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு அப்படியே கோயிலுக்குப் போய் அங்கிருந்து நடக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. எனக்கு இட்லி ஊட்டினார். ரெண்டாவது இட்லி இறங்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. பிறகு இன்னொன்று. அரை மணியில் அது வலிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். குழந்தை அன்றும் குறுக்கே கிடந்தது. வலி வந்துவிட்டதால் மூன்றாம் நாள் வரை காக்க முடியாது, தியேட்டர் தயார் ஆனதும் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. குழந்தை டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேலூருக்குப் போக ஆம்புலன்ஸ் ஒன்றை வாசலில் நிறுத்தினார்கள். அந்த ஆம்புலன்ஸைப் பார்த்ததும் அம்மா தன் பிரிவின் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அத்தை ஜன்னலோரம் நின்று மலையைப் பார்த்தார். வார்டு ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். "இருந்திருந்து, முப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குக் கெளம்பினேன். மலை அங்க கீது. புள்ள இங்க கீது. நான் எதச் சுத்தறது?" என்றார்.

"போய்ட்டு வாங்க அத்தை. இங்க அம்மா இருக்காங்க."

"உங்கம்மாவா? அவங்க கண்ணத் தொடைக்கவே ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போனார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் புடவை இடமிருந்து வலமாகப் போயிற்று. சிறிது கழித்து மறுபடி இடமிருந்து வலமாகப் போயிற்று. மூன்றாவது தடவைதான் எனக்கு விளங்கியது. மலைக்குப் போக முடியாததால் அத்தை ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்வதில் பாதி நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது, பாதி சேகர் பிறகு சொன்னது. மலைப் பாதை பதினாலு கிலோமீட்டர், அதனால் பதினாலு சுற்று என்று அத்தையே தீர்மானித்திருக்கிறார். எண்ணிக்கை தவறாமல் இருக்க, வண்டியில் கிடந்த நீல நிறக் கேன் மூடிகள் பதினாலை மடியில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மருந்துக் கடைக் கவுண்டரில் வைத்திருக்கிறார். போர்டிகோ, பைக் நிறுத்துமிடம், பின்னால் ஜெனரேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர் ஷெட், கேன்டீன், மறுபடி போர்டிகோ. வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்ததால் யாரோடும் பேசவில்லை.

வேறு ஊராக இருந்தால் ஒரு அம்மாளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று ஒருவர் வெறுங்காலோடு ஒன்றைச் சுற்றினால், பார்ப்பவருக்குக் காரணம் தேவையில்லை. செங்கத்திலிருந்து மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தார். "எத்தினி சுத்துங்க?" என்று அவர் கேட்டதற்கு அத்தை பேசாமல் கையை மட்டும் காட்ட, பேசக் கூடாது என்பதும் விதி ஆகிவிட்டது. அப்புறம் ரெண்டு புருஷன்மார். அப்புறம் காலில் கட்டுப் போட்ட ஒரு நோயாளியின் தம்பி. நான் கடைசியாக எண்ணியபோது பதினெட்டுப் பேர் ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். ஜெனரேட்டர் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, அது அக்கினி மூலை என்று யாரோ சொல்லி, அதன் முன்னால் ஒருவர் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். வாட்ச்மேன் ஓடிப்போய், "டீசல் இருக்குதுய்யா அங்க" என்று காலால் அணைக்கப் போய், காலால் அணைக்கலாமா என்று தயங்கி, கையால் அணைத்துச் சுட்டுக்கொண்டார்.

பையோடு வந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கேன்டீன் பக்கமிருந்து எதிரே வந்திருக்கிறார். பதினெட்டுப் பேரும் பேசக் கூடாது என்பதை மறந்து, "சார், இடமா வராதீங்க" என்றார்களாம். அந்த மனுஷன் அரண்டுபோய்த் திரும்பி, அவர்களோடு ஒரு முழுச் சுற்று நடந்து வாசலுக்கு வந்திருக்கிறார்.

இந்த நேரத்தில் என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நினைவு இருக்கும், வலி இருக்காது, நெஞ்சுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் காதில் விழும். "சக்ஷன்" என்றார் டாக்டரம்மா. குழாயில் களகளவென்று சத்தம் கேட்டது. "பாட்டில் ரொம்பிடுச்சு மேடம்" என்றது ஒரு குரல். "அடுத்த பாட்டில் வை." கொஞ்ச நேரத்தில் அதுவும் நிரம்பிவிட்டது. "இன்னொண்ணு வை. ரெண்டரை லிட்டருக்கு மேல போயிடுச்சு. என் செருப்பெல்லாம் நனைஞ்சுது" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சேகர் கேனை மாற்றி மாற்றி இறக்கும் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை என்றார்கள். யாரும் என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. நேராகப் பக்கத்து மேஜைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை டாக்டர் இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். என் தலைக்குப் பக்கத்திலேயே அந்த மேஜை. "ட்யூப் குடுங்க" என்றார்.

அந்தத் தியேட்டரில் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. குழந்தை குமட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "எட்டு" என்றார். அடைப்பு இருந்தால் பத்து சென்டிமீட்டருக்குப் பக்கத்தில்தான் ட்யூப் முட்டும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன்தான் சொன்னார்களோ. "ஒன்பது" என்றார். "பத்து" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆபீசில் எத்தனையோ மணி நேரம் காத்திருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை. "பன்னெண்டு, பதிமூணு, போயிட்டே இருக்கு" என்றார். ஊசிக்குழாயில் காற்றைச் செலுத்தி, ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் வயிற்றில் வைத்துக் கேட்டார். "இறங்கிடுச்சும்மா. வழி கிளியரா இருக்கு."

நான் அழுதேன். டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "இங்க ஏற்கனவே தண்ணி ஜாஸ்தி, நீயும் சேர்க்காத" என்றார்.

நர்ஸ் வெளியே வந்து சேகரிடம் சொன்னதும் அவர் முதலில் ஓடியது ஆம்புலன்ஸ் டிரைவரிடம். இனி வேலூர் போக வேண்டாம் என்று சொல்ல. வண்டியில் டிரைவர் இல்லை. தேடினால் அவர் வெறுங்காலோடு மூன்றாவது சுற்றில் இருந்தார். "நாலு மணி நேரம் சும்மா ஒக்காந்திருந்தேன் சார், அப்டியே ஒரு வேண்டுதல்" என்றாராம். ட்யூப் மட்டும் நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

அடுத்து சேகர் அத்தையிடம் ஓடினார். பதினாலு மூடியும் தீர்ந்து எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. ஆபரேஷன் முடியாததால் அத்தை மூடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். சிலிண்டர் ஷெட் பக்கம் பிடித்தார். "அம்மா, பொண்ணு. முழுங்குது. ட்யூப் எறங்கிடுச்சு. வா."

அத்தை நிற்கவில்லை. சேகரும் பக்கத்திலேயே நடந்தார். "பாதில நிக்கக் கூடாதுடா" என்று, சுற்ற ஆரம்பித்த பிறகு முதல் தடவையாகப் பேசினார். கேன்டீனைத் தாண்டி, போர்டிகோவுக்கு வந்து, மருந்துக் கடைக் கவுண்டரில் மூடியை வைத்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறார். பின்னால் வந்த பதினெட்டுப் பேரும் என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து நின்றிருக்கிறார்கள். "முழுங்குதாம்" என்று அத்தை சொன்னதும், யார் விழுங்குவது, எதை விழுங்குவது என்று ஒன்றுமே தெரியாமல், செங்கத்து அம்மாளும் சேர்ந்து அழுதாராம்.

வார்டுக்கு வந்தபோது அத்தையின் உள்ளங்கால் ரெண்டும் கொப்பளித்துப் போயிருந்தது. குழந்தைக்கு முதல் பால் கொடுக்கும் நேரம். என்னிடமிருந்து எடுத்த சீம்பாலை நர்ஸ் பாலாடையில் ஊற்றி வாயோரம் வைத்தார். அத்தை கிட்டே வந்து, குனிந்து, அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்தார். கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கியது. "ஒண்ணு" என்றார் அத்தை. மறுபடி ஏறி இறங்கியது. "ரெண்டு." பாலாடை காலியாகும் வரை எண்ணினார்.

ஆறு மணி நேரம் கழித்து எனக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். அத்தை பையிலிருந்து எடுத்தது என்னுடைய பழைய சொம்பு. ரெண்டு மாதமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. அதில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றினார். "குடி" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த வண்டிக்குப் பின்னாடி நின்னு குடிச்சதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் அத்தை ஒண்ணும் சொல்லல?"

"உனுக்கு தாகமாச்சே" என்றார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷமாகிறது. போன வாரம் அந்த ஆஸ்பத்திரி மேனேஜர் எங்கள் கடைக்கு ஒரு அறிவிப்பு டைப் அடிக்க வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கூட்டம் சேர்கிறது, யாரோ ஒரு அம்மாள் சுற்றினதில் விழுங்காத குழந்தை விழுங்கியதாம், அது யார் என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "மருத்துவமனைக் கட்டிடத்தைச் சுற்றி வலம் வருவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது."

அது பாப்பாவுக்குப் பசிக்கும் நேரம். வழக்கம்போல அத்தை ஷேர் ஆட்டோவில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, கடை ஓரத்தில் உட்கார்ந்து, டம்ளரில் பாலை ஆற்றிக் கொடுத்தார். அவள் மடக் மடக்கென்று குடித்தாள். அவள் விழுங்கும் சத்தம் தெருவுக்கே கேட்கும், அவ்வளவு அவசரம். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அத்தையின் முகத்தை எங்கோ பார்த்த மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவா அது?" என்றார்.

"இவதான்" என்றார் அத்தை.

பால் தீரும் வரைக்கும் மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார். அவள் டம்ளரைத் தள்ளிவிட்டு ஏப்பம் விட்டதும் என் பக்கம் திரும்பி, "அந்த மொத வரிய எடுத்துடும்மா. ஜெனரேட்டர் பக்கம் கற்பூரம் ஏத்த வேணாம்னு மட்டும் போடு, போதும்" என்றார்.

நான் அழித்துவிட்டு அதை மட்டும் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.